நாலரை மில்லிமீட்டர்

சென்ற ஆண்டு நாங்கள் மூவர் சேர்ந்து 14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து இணையத்தில் ஏற்றினோம். எச். ஜி. வெல்ஸ் 1901 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளியிட்ட ‘தி நியூ ஆக்ஸிலரேட்டர்’ என்னும் சிறுகதையின் தழுவல் அது. அடுத்த வாரம், படத்தின் நடுவிலிருந்து 30 வினாடிகளைக் கத்தரித்து, கைபேசிக்கு ஏற்ற நெட்டுக்குத்தான சட்டகத்தில் தனித் துண்டாக வெளியிட்டோம். அதில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு கை விரல்களை விரிக்கிறது, பிடித்திருந்த கண்ணாடித் தம்ளர் விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் எல்லோரையும் ஒரு வகுப்பறையில் உட்கார வைத்துவிடலாம். அந்தத் துண்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு விளையாட்டு மைதானம் வேண்டியிருக்கும். எங்களுக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் விசாரித்தது எந்த மென்பொருளைப் பயன்படுத்தினோம் என்பதைத்தான். எந்தக் கதை என்று கேட்டவர்கள் இருவர்.

இதைப் புலம்பலாக எழுதவில்லை. அந்த 30 வினாடிகளை வெளியிடலாம் என்று சொன்னவனே நான்தான். ஆனால் ஒரு சிறுகதையைப் படமாக்குவது என்றால் என்ன, சிறு கையிருப்போடு அதைச் செய்பவர்களின் பலம் எங்கே இருக்கிறது, படம் பார்வையாளரிடம் போய்ச் சேரும் வழி மாறும்போது அந்தப் பலத்துக்கு என்ன நேர்கிறது என்னும் கேள்விகள் அந்த வாரத்திலிருந்து என்னை விட்டபாடில்லை.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிபர்ன் என்னும் பேராசிரியர், உடலின் இயக்கத்தை ஆயிரக்கணக்கான மடங்கு விரைவுபடுத்தும் மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அவரும் கதைசொல்லியும் அதைக் குடிக்கிறார்கள். குடித்ததும் பேராசிரியர் கையிலிருந்த தம்ளரை விடுகிறார். அது நொறுங்கப் போகிறது என்று கதைசொல்லி முகத்தைச் சுளிக்கிறான். தம்ளரோ அசையாமல் நிற்கிறது. முதல் வினாடியில் 16 அடி விழ வேண்டிய பொருள்தான் அது, ஆனால் அந்த வினாடியின் நூற்றில் ஒரு பங்குகூட இன்னும் கழியவில்லை என்று பேராசிரியர் விளக்குகிறார். இருவரும் வெளியே போகிறார்கள். சைக்கிளில் போகிறவர் உறைந்து நிற்கிறார். ஒரு தேனீ, சோம்பல் மிகுந்த நத்தையைப் போலக் காற்றில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. வாத்தியக் குழுவின் இசை, தாழ்ந்த கரகரப்பாக மட்டும் கேட்கிறது. வேகமாக நடந்தால் காற்றின் உராய்வில் உடைகள் கருகத் தொடங்குகின்றன.

இந்தக் கதையை நாங்கள் தேர்ந்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. பணம் வேண்டாத அறிவியல் புனைகதை ஒன்றைத் தேடினோம்; ஆட்களை அசையாமல் நிற்கச் சொல்வதற்குச் செலவில்லை என்று நினைத்தோம். அது எவ்வளவு தவறான கணக்கு என்பது முதல் நாள் படப்பிடிப்பிலேயே தெரிந்துவிட்டது. மனிதர்களால் அசையாமல் நிற்க முடியாது. இமை துடிக்கிறது, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது, தலைமுடி காற்றில் பறக்கிறது. சைக்கிளை ஒரு செடி மறைவில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தோம். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு டேக்கிலும் கால்விரல் நுனியால் தரையைத் தேடினார். கைபேசியின் மெதுவோட்டத்தை நம்பவும் வழியில்லை. நொடிக்கு 240 ஃப்ரேம் எடுத்து 24 ஃப்ரேமில் ஓட்டினால் உலகம் பத்து மடங்குதான் மெதுவாகும். ஆயிரம் மடங்கு வேண்டுமென்றால் நொடிக்கு 24,000 ஃப்ரேம் எடுக்க வேண்டும். படத்தொகுப்பில் ஒரே ஃப்ரேமை உறைய வைத்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. அப்படி உறைய வைத்த காட்சியைத் திரையில் பார்த்தபோது மூவருக்குமே அது பொய்யாகப் பட்டது. ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை.

விடை கதையிலேயே இருந்தது. வெல்ஸின் உலகம் நின்றுபோகவில்லை, மிக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. தேனீ அங்கே வந்ததே அதைச் சொல்லத்தான். ஆக, உறைந்த ஃப்ரேம் என்பது வசதியான குறுக்குவழியாக இருந்தாலும் கதையைத் தவறாகப் படித்ததன் விளைவு. நடுங்கும் இமையும் தரையைத் தேடும் கால்விரலும் மூலத்துக்கு அதைவிட நெருக்கமானவை. அப்படியே விட்டுவிட்டோம். தம்ளரையும் அதே கணக்கில் நகர்த்தியாக வேண்டும் என்று எங்களில் ஒருவர், இயற்பியல் படித்தவர், அடம்பிடித்தார். ஆயிரம் மடங்கு வேகத்தில் இருப்பவர் பத்து வினாடி பார்த்துக்கொண்டிருந்தால் தம்ளர் அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். 30 வினாடி பார்த்தால் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர். தூண்டில் நரம்பில் தம்ளரைக் கட்டி, நரம்பின் மறுமுனையை கேமரா முக்காலியின் நடுத்தண்டில் பிணைத்து, தண்டை இறக்கும் கைப்பிடியை மயிரிழை மயிரிழையாக அவர் திருகிக்கொண்டே இருந்தார். நரம்பைப் பிறகு பிளெண்டர் என்னும் மென்பொருளில் அழித்தோம். அந்த நாலரை மில்லிமீட்டரை இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் காட்சியில் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அது போதும் என்கிறார் அவர்.

அசைவின்மையை வைத்தே அறிவியல் புனைகதை சொன்னவர்களில் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கருக்குத் தனி இடம் உண்டு. 1962இல் வந்த அவருடைய ‘லா ஜெத்தே’ 28 நிமிடம் ஓடும் படம். கிட்டத்தட்ட முழுவதும் நிழற்படங்களால் ஆனது. ஒரே ஓரிடத்தில், உறங்கும் பெண் கண்ணைத் திறக்கும்போது மட்டும், படம் அசைகிறது. அந்தப் படத்தைத் தழுவி 1995இல் ஹாலிவுட்டில் வந்த ‘12 மங்கீஸ்’ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதுவும் நல்ல படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண் திறக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ஈடாக எதையும் அதனால் தர முடியவில்லை. தர வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை, ஏனென்றால் அதில் எல்லாமே அசைகிறது.

கையில் எதுவும் இல்லாதபோது தழுவல் எப்படிக் கூர்மையடைகிறது என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் உதாரணம், சுயாதீனப் படமே அல்லாத ஒன்று: ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1979இல் முடித்த ‘ஸ்டாக்கர்’. சோவியத் அரசின் ஸ்டூடியோவில் உருவான படம் அது. 1977இல் எடுத்த வெளிப்புறக் காட்சிகளின் படச்சுருள் ஆய்வகத்தில் கெட்டுப்போனதால் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் மூல நாவலில், வேற்றுக் கோளினர் விட்டுச்சென்ற வினோதப் பொருள்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன. படத்தில் அவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. மாறாக, அபாயமான தடைப் பகுதிக்குள் இருவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒரு இரும்பு நட்டில் துணிப்பட்டையைக் கட்டி முன்னால் எறிகிறான். அது புல்லில் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, நேர்க்கோட்டில் போகாமல், மற்ற இருவரையும் ஒவ்வொருவராக அனுப்புகிறான். அந்தப் புல்வெளியில் அபாயமான எதையும் நாம் காண்பதில்லை. ஆனாலும் வெள்ளைத் துணி காற்றில் சுழன்று விழும்போது நமக்குக் காலை எடுத்து வைக்கத் தயக்கமாக இருக்கிறது. நட்டு எறிவது நாவலிலும் உண்டு. படம் செய்தது, மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தத் தேர்வுக்கு நாவலை ஆழமாகப் படித்திருக்க வேண்டும். ஒரு நட்டுக்கும் ஒரு முழம் துணிக்கும் பட்ஜெட் எதற்கு?

அசலான சுயாதீனத் தழுவல் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ 1928இல் வெளிவந்த கதை. இதைப் படமாக்கவே முடியாது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலடியிலிருந்து எழும் நகரமும், பார்த்தவர் புத்தி பேதலிக்கும் உருவமும் அதில் வருகின்றன. 2005இல் லவ்கிராஃப்ட் ரசிகர்களின் வரலாற்றுச் சங்கம் ஒன்று, ஆண்ட்ரூ லீமன் இயக்கத்தில், அதை 47 நிமிட மௌனப் படமாக, கருப்பு வெள்ளையில், கதை வெளிவந்த காலத்திலேயே எடுத்ததைப் போல எடுத்தது. பூதம் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எடுத்த பொம்மை. இந்த உத்தியைச் சிக்கனம் என்று சொல்லிக் கடந்துவிடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1920களின் படத்தைப் பார்க்கிறோம் என்று நம்பிவிட்ட கண், அட்டையால் ஆன பாறையையும் பொம்மையின் தத்தித் தத்திய அசைவையும் அந்தக் காலத்தின் மொழியாக ஏற்றுக்கொள்கிறது. குறைபாடு என்று எதை மறைப்பார்களோ அதை ஒரு காலகட்டத்துக்குரிய நடையாக மாற்றிவிட்டார்கள். மௌனப் படம் என்பதால் இடைவாசக அட்டைகளை மாற்றினாலே வேறு மொழிக்குப் போய்விடலாம் என்பது கூடுதல் லாபம்.

முழுக்க முழுக்க உரையாடலால் ஆன கதைகளும் சுயாதீனப் படைப்பாளிகளுக்கு வாய்ப்பானவை. மனிதர்கள் வெறும் இறைச்சியால் ஆனவர்கள் என்பதை நம்ப முடியாமல் இரு வேற்றுக் கோளினர் பேசிக்கொள்ளும் டெரி பிஸனின் 1991ஆம் ஆண்டுக் கதை, ஓர் உணவகத்தில் இருவரை உட்காரவைத்துக் குறும்படமானது. மனித உருவில் உட்கார்ந்திருப்பவர்கள் மனிதனைக் கண்டு அருவருக்கிறார்கள். ஒப்பனையோ வரைகலையோ அந்த இடத்தில் புகுந்திருந்தால் நகைச்சுவை செத்திருக்கும்.

எங்கள் முதல் முயற்சியும் மொழியை நம்பிய கதைதான், வெல்ஸுக்கும் முன்பே செய்தது. பிலிப் கே. டிக் 1953இல் எழுதிய ‘தி ஐஸ் ஹேவ் இட்’ இரண்டு மூன்று பக்கக் கதை. பேருந்தில் யாரோ விட்டுச்சென்ற நாவலை ஒருவன் புரட்டுகிறான். “அவனுடைய கண்கள் அறையெங்கும் உலாவின” என்று அதில் இருக்கிறது. கண்கள் தனியே கழன்று அறையில் உலாவுகின்றன என்று அவன் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறான்; நம்மிடையே வேற்றுக் கோளினர் வாழ்கிறார்கள் என்னும் முடிவுக்கு வந்து நடுங்குகிறான். இதை எப்படிப் படம் எடுப்பது? கண்கள் பறப்பதைக் காட்டினால் கதை கெட்டுவிடும், காட்டாவிட்டால் படமே இல்லை. மேலும் மூலத்தின் மரபுத்தொடர்களை அப்படியே பெயர்த்தால் தமிழில் பாதிக்கு மேல் ஒட்டாது. ஆகவே ஒரு மாலைப்பொழுது முழுவதும் எங்கள் மொழியின் தொடர்களைக் கோத்துக்கொண்டிருந்தோம். ‘காதைக் கொடுத்துக் கேட்டான்’, ‘கண்ணை மேயவிட்டான்’, ‘அவள் வாயைப் பிடுங்கினான்’, ‘மனதைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினான்’. கடைசியில் ‘உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான்’ என்று ஒருவர் சொன்னதும் மூவரும் வாயடைத்துப் போனோம். (வாய் அடைத்ததும் பட்டியலில் சேர்ந்தது.) கதையின் ஒரு சொல்லைக்கூட மொழிபெயர்க்காமல் கதையை முழுதாகத் தழுவியிருந்தோம். படத்தில் ஒருவர் புத்தகம் வாசிக்கிறார், எதிரே இருக்கும் பயணிகளைப் பார்க்கிறார். பார்வையாளர் கேட்பது பின்னணிக் குரலை மட்டும். பயணி ஒருவர் காதைச் சொறிந்ததும் வாசிப்பவரின் முகம் வெளிறுகிறது.

அந்தப் படம் என் வன்தட்டில் இருக்கிறது. வெளியிட முடியவில்லை. 1964க்கு முன்பு அமெரிக்காவில் வெளியான எழுத்துகளுக்கு 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது; டிக் இதழ்களில் எழுதிய ஆரம்பக் காலக் கதைகள் பல புதுப்பிக்கப்படாமல் போனதால், அங்கே யாரும் எடுத்தாளக்கூடியவை ஆகிவிட்டன. இந்தக் கதையும் அப்படித்தான், உரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் குடன்பர்க் திட்டத்தின் தளத்தில் கிடைக்கிறது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லா இடத்துக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிட்டோம். ஆனால் டிக் இறந்தது 1982இல். ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் என்று கணக்கிடும் நாடுகளில் 2052 முடியும்வரை உரிமை நீடிக்கும். ஃபார்ஸ்டரின் ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ 1909இல் வெளிவந்தது. அமெரிக்காவில் எவரும் படமாக்கலாம், ஆனால் ஃபார்ஸ்டர் 1970 வரை வாழ்ந்தவராதலால் 70 ஆண்டுக் கணக்கில் 2040 முடிய வேண்டும். திரையரங்கும் நாடாவும் இருந்த காலத்தில் ஒரு நாட்டுக்குள் படத்தை வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஏற்றுவது என்றால் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வெளியிடுவது. ஆகவே 70 ஆண்டு கேட்கும் நாடுகளின் கணக்குதான் நடைமுறையில் நம்முடைய கணக்கு. வெல்ஸ் 1946இல் மறைந்தவர் என்பதும், 70 ஆண்டுகள் 2016 இறுதியோடு முடிந்துவிட்டன என்பதும்தான் எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. இலக்கிய ரசனை பிறகு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உரிமை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் இணையத்தில் நிதி திரட்டி ‘ஆக்ஸனார்’ என்னும் படத்தைத் தொடங்கியபோது, 2015 இறுதியில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வெளியிட்ட விதிகளில் ஒரு பகுதிக்கு 15 நிமிடம், இரண்டு பகுதி சேர்ந்தாலும் 30 நிமிடம், நிதி 50,000 டாலருக்கு மிகாமல் என்று எல்லை கட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, லியூ சிஷினின் ‘முப்பொருள்’ (‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’) நாவல் வரிசையை 2014இல் சீனாவில் ஓர் இளைஞர் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள்ளேயே அனிமேஷன் தொடராக்கத் தொடங்கினார். சதுரக் கட்டைகளால் ஆன மனிதர்கள், சதுரச் சூரியன்கள். தொடர் வளர்ந்து, உரிமையாளர்களின் அங்கீகாரத்தையும் பெற்று, 2020இல் முறையான தயாரிப்பாக வந்தது. அண்டத்தின் அளவைப் பேசும் நாவலுக்குக் கட்டைப் பொம்மைகள் எப்படிப் பொருந்தும் என்று முதலில் எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்நாவல்களின் மனிதர்களே ஒரு பெரும் விளையாட்டுப் பலகையின் காய்களைப் போல நகர்பவர்கள்தாம். 2023இலும் 2024இலும் பெரும் பொருட்செலவில் வந்த தொடர்களுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, ஒரு விளையாட்டின் பயனர் அந்தத் தொனியைப் பிடித்திருந்தார்.

விநியோக முறை மாறும்போது படைப்பாளி தடுமாறுவது டிஜிட்டல் யுகத்தில் தொடங்கியதில்லை. வெர்ன், வெல்ஸ் ஆகியோரின் கதைகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டு 1902இல் சந்திரப் பயணத்தைப் படமாக்கிய ஜார்ஜ் மெலியேஸ், தன் சொந்த ஸ்டூடியோவில் தானே எழுதி, இயக்கி, நடித்தவர். பிரதிகளை விலைக்கு விற்பதுதான் அவருடைய தொழில்முறை. அமெரிக்காவில் அவருடைய பிரதியைக் கள்ளத்தனமாகப் படியெடுத்து ஓட்டினார்கள். அங்கிருந்து அவருக்கு வந்திருக்க வேண்டிய பணம் பெரும்பாலும் வரவில்லை. 1907இல் பாத்தே நிறுவனம் விற்பனையைக் கைவிட்டு வாடகை முறைக்கு மாறியது. வாடகை முறையில் வாரந்தோறும் புதுப் படம் வேண்டும், அதற்கு ஆலை போன்ற தயாரிப்பு வேண்டும். கையால் செய்தவர் அதோடு போட்டியிட முடியவில்லை. 1913க்குள் படம் எடுப்பதையே நிறுத்தினார். பிற்காலத்தில் பாரிஸ் மொன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றார். இன்று அந்தப் படத்தைப் பார்க்காதவர்களும், கண்ணில் ராக்கெட் குத்திய நிலாவைப் பார்த்திருப்பார்கள். அவருடைய 30 வினாடித் துண்டு அது.

கள்ளப் பிரதியே ஒரு படத்தைக் கரைசேர்த்த கதையும் உண்டு. ஜெரோம் பிக்ஸ்பி 1998இல் மரணப் படுக்கையில் முடித்த திரைக்கதை ‘தி மேன் ஃப்ரம் எர்த்’ என்னும் படமாக 2007இல் வந்தது. 14,000 ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகச் சொல்லும் ஒருவனும் அவனுடைய நண்பர்களும் ஒரு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அதுதான் படம். சாதாரண டிஜிட்டல் கேம்கோடர்களில் எடுத்தது. அது, கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிரும் டோரன்ட் தளங்களில் கசிந்து உலகெங்கும் பரவியபோது, தயாரிப்பாளர் எரிக் வில்கின்ஸன் வழக்குப் போடாமல், படத்தை ஊரறியச் செய்ததற்காக நன்றி சொல்லி எழுதினார். 2018இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது படக்குழுவினரே அதை டோரன்ட்டில் ஏற்றி, விரும்பியவர்கள் நன்கொடை தரலாம் என்று கேட்டார்கள். எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. அந்தப் படத்திலிருந்து கத்தரித்துத் தனியே பரப்பக்கூடிய வியப்புக் காட்சி எதுவும் இல்லை. கோப்பை முழுதாக இறக்கி, முழுதாகப் பார்த்து, நண்பருக்கு முழுதாகக் கொடுத்தார்கள். டோரன்ட்டுக்கு உரிமையைப் பற்றிய அக்கறை இல்லாதிருந்திருக்கலாம், ஆனால் அது படத்தைத் துண்டு போடவில்லை.

யூட்யூபில் அறிவியல் புனைவுக் குறும்படங்களுக்கென்றே 2016 முதல் இயங்கும் ‘டஸ்ட்’ போன்ற சேனல்கள் இந்த வகைக்குப் பெரிய கூட்டத்தைச் சேர்த்துத் தந்தன. அதற்கு நன்றியுடையவன் நான். ஆனால் நீல் ப்ளோம்காம்பின் சில நிமிடக் குறும்படம் ஒன்று ‘டிஸ்ட்ரிக்ட் 9’ ஆக 2009இல் வளர்ந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனதிலிருந்து, குறும்படம் என்றாலே பெரிய படத்துக்கான விண்ணப்பப் படிவம் என்னும் எண்ணம் பரவிவிட்டது. விளைவாக, தொடக்கம் மட்டும் உள்ள படங்கள் பெருகுகின்றன: ஓர் அற்புதமான உலகம், அதில் ஒருவர் நடக்கிறார், தூரத்தில் ஏதோ எழுகிறது, பெயர்கள் ஓடுகின்றன. சிறுகதைத் தழுவல் இந்த நோய்க்கு நல்ல மருந்து என்று நினைக்கிறேன். கதை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. முடிவை நோக்கிப் போயே ஆக வேண்டும்.

இப்போது எங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். காணொளித் தளங்கள் படைப்பாளிக்குக் காட்டும் ‘பார்வை நீடிப்பு’ வரைபடத்தை அறியாதவர்களுக்கு: எந்த வினாடியில் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது கோடாக வரைந்து காட்டும். எங்கள் கோடு முதல் நாற்பது வினாடிகளில் படிக்கட்டிலிருந்து உருண்ட பந்தைப் போல இறங்குகிறது. அங்கே பேராசிரியர் மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு சமவெளி. தம்ளர் வருமிடத்தில் கோடு மேலே ஏறுகிறது. துண்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நேராக அந்த இடத்துக்குத் தாவுகிறார்கள். தேனீ வருமிடத்தில் மறுபடி சரிவு. இந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எவராலும் பழையபடி படத்தொகுப்பு செய்ய முடியாது என்பதுதான் இதன் உண்மையான விளைவு. திரையரங்கில் ஒருவர் எழுந்து போனால் ஏன் போனார் என்று ஊகிக்கலாம், வெளியே போய்ப் பேசலாம். கோடு எந்த வினாடி என்பதை மட்டும் சொல்கிறது. வினாடி தெரிந்தால் கத்தரிக்கத் தோன்றுகிறது. காரணம் தெரியாததால் எதைக் கத்தரிக்கிறோம் என்பதும் தெரிவதில்லை.

அத்தோடு வேகமும் சேர்ந்துகொண்டது. 2020இல் நெட்ஃபிளிக்ஸும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கும் வசதியைக் கைபேசியில் தந்தது. அதைச் சோதித்தபோதே இயக்குநர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். வேகத்தைக் கூட்டும் மருந்தைப் பற்றிய கதையை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவர்களைப் பற்றி வெல்ஸ் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். இந்தக் கதையையே அந்த மருந்தைக் குடித்துவிட்டு ஆறு நிமிடத்தில் எழுதி முடித்ததாகக் கதைசொல்லி கடைசியில் பெருமைப்பட்டுக்கொள்கிறான், ஆகவே அவர் நம் பக்கம் இருந்திருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கருவிகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இலவச மென்பொருளான பிளெண்டரில் உருவான லாட்விய அனிமேஷன் படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியது. சொற்களைக் கொடுத்தால் காட்சியைச் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2024 முதல் எல்லோர் பேச்சிலும் இருக்கின்றன. அந்தரத்தில் நிற்கும் தம்ளரை இன்று ஒரு வாக்கியத்தில் வரவழைத்துவிடலாம். 2016இல் உலகமே ‘மேனிக்வின் சேலஞ்ச்’ என்று உறைந்து நின்று படமெடுத்துக்கொண்டபோதே, வெல்ஸின் காட்சிகளில் பாதி பழசாகிவிட்டிருந்தன. கண்ணைக் கவரும் எந்த உருவத்துக்கும் இப்போது ஆயுள் சில வாரங்கள்தாம்.

சென்ற மாதம் படத்தை மீண்டும் தொகுத்தோம். 14 நிமிடம் 12 நிமிடமானது. மருந்தை அளந்து ஊற்றும் காட்சியில் கை வைக்கவில்லை. நீக்கியது தம்ளரைத்தான். பேராசிரியரின் கை விரிவது மட்டும் இருக்கிறது. அதன்பின் கதைசொல்லியின் முகம்: கண்ணை இறுக மூடிச் சுளித்துக்கொண்டு, கண்ணாடி நொறுங்கும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறான். சத்தம் வரவில்லை. ஒன்பது வினாடி கழித்து ஒரு கண்ணை மட்டும் திறக்கிறான். முக்காலியின் கைப்பிடியை மூன்று டேக் திருகிய நண்பரிடம் இதைச் சொல்ல நான் தயங்கினேன். அவர் பார்த்துவிட்டு, அந்த ஒன்பது வினாடிக்குத் தம்ளர் 0.4 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

புதிய பிரதியின் வரைபடம் வந்துவிட்டது. அந்த ஒன்பது வினாடியில் கோடு செங்குத்தாகச் சரிகிறது. அப்படியே விட்டிருக்கிறோம்.